கேட்டோடு முடியும் டியூட்டி

நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது. சம்பளப் பிரிவு கிளார்க் அந்தத் தொகையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னபோது பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கழுவும் மேடை முழுக்க ஈரம். கிளார்க் வழுக்காமல் இருக்கச் செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி ஊன்றி நின்றார்.

"எவ்வளவு சார்?" என்று பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குரியவர் கையில் துருப்பிடித்த தகடு ஒன்று இருந்தது. சக்கரத்தின் மேல்வளைவில் அப்பிக் காய்ந்துபோன சேற்றை அதனால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தோராயிரத்து எழுநூத்தி அறுபது. நீங்க கட்டணும்."

டிப்போவில் அவரை எல்லோரும் முப்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். போன வருஷக் கண் பரிசோதனையில், இடது கண்ணுக்கு ஓரப் பார்வை குறைந்துவிட்டது என்று டாக்டர் எழுதிவிட்டார். ரோட்டில் ஓட்டக் கூடாது என்று ஆனது. கழுவும் பிரிவுக்கு ஹெல்ப்பராக அனுப்பினார்கள். பஸ் வேறொருவன் கைக்குப் போய்விட்டது, நம்பர் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

"நான் யார்கிட்டயும் கடன் வாங்கலையே சார்."

"கடன் இல்லண்ணே. நாங்கதான் அதிகமா குடுத்துட்டோம். உங்களை ஹெல்ப்பரா மாத்தின உத்தரவு தலைமை ஆபீஸ்ல ஒரு வருஷமா தூங்கிடுச்சு. அதுவரைக்கும் உங்களுக்கு டிரைவர் சம்பளமே போயிருக்கு. இப்ப ஆடிட்ல புடிச்சுட்டாங்க."

"தூங்கினது உத்தரவு. கட்டுறது இவரா?" குழாயைப் பிடித்திருந்த மேஸ்திரி அக்கா கேட்டாள். பஸ் கழுவும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. அவர்கள் யாரும் டிப்போவின் ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆட்கள். முப்பத்தேழு அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யாருக்கு வயது அதிகம் என்ற வழக்கு ஒரு வருஷமாக முடியாமல் இருந்தது.

"அக்கா, நீங்க தண்ணியை அடிங்க. என் மேல இல்ல, வண்டி மேல," என்றார் கிளார்க். அவர் சட்டைப்பையின் ஓரத்தில் எப்போதும் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். அதனால் அவர் பேர் குண்டூசி. அதை அவர் காது கேட்க யாரும் சொல்வதில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை.

முப்பத்தேழு எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சரி சார். சும்மாவா வாங்கினேன் டிரைவர் சம்பளம்? தினமும் சாயங்காலம் இந்த வண்டிகளை எல்லாம் லைன்ல போடுறது யாரு?"

குண்டூசி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "அது வேலை இல்லண்ணே. ஒத்தாசை."

"ஒத்தாசைக்கு இவ்வளவு பெரிய ஸ்டீயரிங்கா?" என்றாள் மேஸ்திரி அக்கா.

அந்த டிப்போவில் டிரைவரின் டியூட்டி கேட்டோடு முடிந்துவிடும். முன்பெல்லாம் டீசல் போட்டு, கழுவி, வரிசையில் நிறுத்தும் வரைக்கும் டிரைவர்தான் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. டிரைவர் சங்கம் பல வருஷம் மோதி, கேட்டைத் தாண்டியதும் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற விதியை வாங்கியது. உள்ளே வண்டியை நகர்த்தத் தனியாக ஒரு யார்டு டிரைவர் வைத்தார்கள். அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அதற்குப் பிறகு, உடம்புக்கு முடியாமல் கழுவும் பிரிவுக்கு வருகிற டிரைவர் யாரோ அவர் பார்த்துக்கொள்வார் என்று ஆகிவிட்டது. இப்போது முப்பத்தேழு பார்த்துக்கொண்டார்.

ஈரக் கையோடு நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மை கலைந்து பேரின் பாதி ஊதாவாகப் பரவியது. குண்டூசி அதை ஊதி ஊதிக் காயவைத்தபடியே விரல்களை ஊன்றி ஊன்றித் திரும்பிப் போனார்.

*

இரும்புப் படிக்கட்டில் ஏறி வரும்போதே தையல் மெஷினின் சத்தம் கேட்டது. அவர் மனைவி பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறவள். காலர் மட்டும்தான். கம்பெனிக்காரன் வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டு வந்து போடுவான், தைத்த காலரைக் கட்டாக எடுத்துப் போவான். கையும் உடம்பும் வேறு எங்கோ தைக்கிறார்கள். தான் தைத்த காலரை ஒரு முழுச் சட்டையில் அவள் இன்னும் பார்த்ததில்லை.

"என்ன, மூஞ்சி பிரேக் புடிக்காத வண்டி மாதிரி வருது?" என்றாள் நிமிராமலே.

அவர் சொன்னார். அவள் மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள்.

"மாசம் எவ்வளவு புடிப்பாங்களாம்?"

"ரெண்டாயிரத்து முந்நூத்தி இருபது. பதினெட்டு மாசத்துக்கு."

"இந்த மாசத்துலேர்ந்து ஹெல்ப்பர் சம்பளம் வேற."

"ஆமா."

அவள் மடியிலிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். சோறு வடித்திருந்தது, குழம்பைச் சூடாக்கினாள். இந்த ஒரு வருஷமாகத்தான் அவர் சாயங்காலத்தில் சூடாகச் சாப்பிடுகிறார். முப்பத்தேழை ஓட்டிய காலமெல்லாம் அவர் வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள், அவள் எழுவதற்குள் அவர் போயிருப்பார். மூடி வைத்த தட்டுதான் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு. இப்போது வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வருகிறார். சாப்பிட்டுவிட்டு இருவரும் வாய்க்கால் பாலம் வரை நடந்துபோய், கட்டைச் சுவரில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பற்றி வம்பு பேசிவிட்டு வருவார்கள். "எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு. மாப்பிள்ளைதான் கொஞ்சம் வயசானவரு," என்று ஒருநாள் சொன்னாள்.

"கம்பெனியில சாயங்கால ஷிஃப்டுக்குக் கூப்பிட்டுட்டே இருக்காங்க," என்றாள் குழம்பைக் கிளறிக்கொண்டே. "போனா சரிக்கட்டிடலாம்."

"நான் வர்றப்ப நீ போயிடுவே."

"ஆமா."

"அப்புறம் தட்டை மூடி வச்சிட்டுப் போவே."

"பூனை இருக்குல்ல. மூடாமலா வைப்பாங்க?"

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க டிரைவர் வேலை செஞ்சீங்க, அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இதுல அதிகம் எங்கேர்ந்து வந்துச்சு? தினமும் வண்டியை எடுத்தது இவர்தான்னு யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா கடனே இல்லையே."

"எல்லாருக்கும்தான் தெரியுமே."

"தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கறதுல என்ன கஷ்டம்?"

*

டிரைவர் சங்கத்துக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் டிப்போவின் பின்பக்கம் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் சுவர் பாதி உயரம்தான். ஒரே மின்விசிறி இரண்டு அறைக்கும் காற்று கொடுத்தது. அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஒவ்வொரு கோடையிலும் தகராறு வரும்.

டிரைவர் சங்கச் செயலாளர் எழுந்து வந்து தோளைத் தட்டி உட்கார வைத்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டீ வரவழைத்தார். முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்கத் தலையைச் சொறிந்தார்.

"அநியாயம்தான்யா. ஆனா நீ இப்ப டிரைவர் இல்லையே. உன் பேருல நான் லெட்டர் போட்டா, இவர் உங்க ஆளே இல்லையேன்னு திருப்பி அனுப்புவான்."

"சந்தா இன்னும் உனக்குத்தானேடா புடிக்கிறாங்க."

"அப்படியா?" செயலாளர் உண்மையாகவே திடுக்கிட்டார். "அதை நிறுத்தச் சொல்லணுமே." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. வண்டியை நீதான் லைன்ல போடுறேன்னு நானே எழுதினா, சங்கத்துக்குத் தெரிஞ்சே ஹெல்ப்பர் டிரைவர் வேலை பார்த்தான்னு ஆயிடும். யார்டு டிரைவர் போஸ்டை நிரப்பச் சொல்லி இத்தனை வருஷமா கேட்டுட்டிருக்கோம். அதுக்கு நாங்களே ஆப்பு வச்ச மாதிரி."

டீயைக் குடித்து முடித்து முப்பத்தேழு பாதிச் சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் டீ வரவழைத்தார்.

"நாங்க எடுத்துப் பேசலாம் தோழர். ஆனா பிரச்சினை டிரைவர் சம்பளத்தைப் பத்தினதாச்சே. அது அவங்க ஏரியா." கட்டைவிரலால் சுவருக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

"அவங்க, நான் டிரைவர் இல்லங்கறாங்க."

"இல்லதானே?"

"அப்ப நான் ஹெல்ப்பர். உங்க ஆள்."

"இனிமேல ஆமா. சந்தா ஃபாரம் தரட்டுமா?"

இரண்டு டீயும் வயிற்றில் குலுங்க அவர் மேனேஜர் அறைக்குப் போனார்.

*

மேனேஜர் வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் பிரிவிலிருந்து பதவி உயர்ந்து வந்தவர். பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்பதால் மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்று மேஸ்திரி அக்கா சொல்லுவாள், அது உண்மையா என்று தெரியாது. நல்ல மாதிரி. முப்பத்தேழை உட்காரச் சொன்னார், சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார், முப்பத்தேழு பேசி முடித்ததும். "தினமும் அந்த ஜன்னல்லேர்ந்து பார்க்கறேன். உண்மையைச் சொன்னா, நீங்க ரிவர்ஸ் எடுக்கறதைப் பார்க்கவே நல்லா இருக்கும்."

"அதை ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் சார்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார்.

"பெரியவரே, உங்க கண்ணு வண்டி ஓட்டத் தகுதி இல்லன்னு டாக்டர் எழுதியிருக்கார். அப்படிப்பட்டவர் கையில தினமும் முப்பது பஸ்ஸைக் குடுத்தேன்னு நான் எழுதணும். எழுதினா உங்க கடன் போயிடும். கூடவே நானும் போயிடுவேன்." சொல்லிவிட்டு அவரே சங்கடமாகச் சிரித்தார். "சத்தியமா, வேற என்ன கேட்டாலும் செய்யறேன்."

முப்பத்தேழு நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. வயதில் தன் மருமகன் அளவுதான் இருப்பான்.

"அப்ப சரிங்க சார். நான் இனிமே வண்டியைத் தொடல."

"ம்?"

"கண்ணு சரியில்லாதவன் தொடக் கூடாதுன்னு இருக்குல்ல. இவ்வளவு நாள் தெரியாம தொட்டுட்டேன். உங்களுக்கும் எதுக்கு வம்பு?"

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. மேனேஜருக்கு அப்படித்தான் பட்டது. "அதுதான் விதி," என்று தலையாட்டினார். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் யார்டில் வண்டிகள் எப்படி நிற்கும் என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை.

*

சாயங்கால நெரிசலுக்கு மட்டும் ஓடும் பஸ்கள் பொழுது சாயும்போது ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. டிரைவர்கள் கேட்டைத் தாண்டினார்கள், நிறுத்தினார்கள், சாவியை விட்டுவிட்டு இறங்கி, டைம்கீப்பரின் கூண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் பஸ் கேட்டுக்கு நேர் உள்ளே நின்றது. இரண்டாவது அதன் முதுகில் நின்றது. ஆறாவது பஸ்ஸின் பின்பாதி ரோட்டில் இருந்தது.

"யோவ், முப்பத்தேழு!" டைம்கீப்பர் விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "என்னய்யா பண்ணிட்டிருக்க?"

"பக்கெட் கழுவிட்டிருக்கேன்."

"பக்கெட்டா? வண்டி ரோடு வரைக்கும் நிக்குதுய்யா!"

"நான் ஹெல்ப்பர் சார். பக்கெட்தான் என் ரேஞ்சு."

மேஸ்திரி அக்கா குழாயை மூடிவிட்டு மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கழுவுவதற்கு மேடைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. சினிமாக் கொட்டகையில் முன்வரிசை கிடைத்த மாதிரி இருந்தார்கள்.

ரோட்டில் ஹாரன் சத்தம் ஏறியது. பின்னால் வந்த டிரைவர்களிடம் டைம்கீப்பர் கெஞ்சினார். "கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுப்பா." அவர்கள் கேட்டைக் காட்டினார்கள். "டியூட்டி அதோட முடிஞ்சுது. உள்ள எடுத்து ஏதாவது இடிச்சா யாரு பதில் சொல்றது?" ஒருவன், முப்பத்தேழாம் நம்பரை இப்போது ஓட்டுகிறவன், உயரமான பையன், "எப்பவும் தானா போய் நின்னுடுமே சார், இன்னைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கடைசியில் மெக்கானிக் ஒருவர் துணிந்து ஏறினார். இன்ஜினின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு திருகும் தெரிந்த ஆள். வெளியே பஸ் எவ்வளவு நீளம் என்பது மட்டும் தெரியவில்லை. பின்னால் எடுத்தார். கழுவும் மேடையின் பெரிய குழாய்க்கம்பத்தைப் பஸ் மெதுவாக, சத்தமில்லாமல், சாய்த்துப் போட்டது. தண்ணீர் பனைமர உயரத்துக்குக் கிளம்பியது. அந்த வண்டியும், பக்கத்து வண்டியும், விசிலோடு நின்ற டைம்கீப்பரும் நனைந்தார்கள்.

"இன்னைக்கு எங்களுக்கு லீவு. வண்டி தானா குளிக்குது," என்றாள் மேஸ்திரி அக்கா.

முப்பத்தேழு ஓடிப்போய் வால்வைத் திருகி மூடினார். அது ஹெல்ப்பர் வேலைதான். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் முதலில் கிளம்ப வேண்டிய வண்டிகள் எல்லாம் கடைசியில் மாட்டிக்கொண்டு நின்றன. வெளியே எடுக்க வழியில்லை. பஸ் நிறுத்தங்களில் ஜனம் குவிந்தது. தலைமை ஆபீஸிலிருந்து போன் மேல் போன். மத்தியானத்துக்குத்தான் டிப்போ ஒரு ஒழுங்குக்கு வந்தது. சாயங்காலம் மறுபடியும் அதே கதை.

"அண்ணே," என்றாள் மேஸ்திரி அக்கா, சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே. "உன்கிட்ட திருப்பிக் கேக்கவாவது அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. நான் தினமும் உனக்கு முன்னாடி பின்னாடி கை காட்டி வண்டியை நிறுத்த வைக்கிறேன். அதுக்கு என்னைத் திட்டணும்னா கூட அவங்களுக்கு என் பேர் தெரியாது."

"உன் பேர் என்னக்கா?"

அவள் யோசிப்பது போல் பாவனை செய்தாள். "ஒரு வருஷம் கழிச்சுக் கேக்கிற பாரு. சொல்ல மாட்டேன் போ."

*

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கண்கள் சிவந்திருந்தன. சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. பக்கத்தில் குண்டூசி ஒரு தாளோடு நின்றார். யார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க விஷயத்துக்கு இவர் ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கார்," என்றார் மேனேஜர்.

குண்டூசி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "மேற்படி காலத்தில் என் பதவிக்கு மேற்பட்ட ஊதியத்தை அறியாமல் பெற்றுவிட்டேன். என் குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, மேற்படித் தொகையைக் கருணை அடிப்படையில் தள்ளுபடி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இது குறித்து இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்." நிமிர்ந்தார். "இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, தலைமை ஆபீஸ்ல முழுத் தொகையையும் தள்ளிடுவாங்க. நான் பேசிட்டேன். ஓய்வூதியம் மட்டும் ஹெல்ப்பர் கணக்குலதான் வரும். அது எப்படியும் அப்படித்தான்."

"அறியாமலா சார்? அறிஞ்சுதானே வாங்கினேன். வேலை செஞ்சேன், வாங்கினேன்."

"அறிஞ்சுன்னு எழுதினா கட்டணும்ண்ணே."

"வண்டியை லைன்ல போட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?"

குண்டூசி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

"சேர்த்தா அது கருணை இல்லண்ணே. பாக்கின்னு ஆயிடும். பாக்கின்னா, கணக்கு வேற மாதிரி போகும். அப்புறம் இனிமேலும் உங்களுக்கு டிரைவர் சம்பளமே நாங்க குடுக்கணும்."

முப்பத்தேழு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வீட்ல காட்டிட்டு வரேன் சார்."

வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துதான் அவள் அதைப் படித்தாள். எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வார்த்தையையும் விரலால் தொட்டுப் படித்தாள். முடித்ததும் மடியில் வைத்து மடிப்புகளை நீவினாள்.

"அறியாமல்னா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்."

"ஆமா."

"ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொன்னா நாற்பத்தோராயிரம் குடுக்கிறாங்க. நான் இத்தனை வருஷமா அதை ஓசியிலயே சொல்லிட்டிருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளும் சிரித்தாள். சைக்கிளில் போன ஒருவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் ஷிஃப்டுக்குப் போகல," என்றாள், சிரிப்பு அடங்கியதும். "கையெழுத்தைப் போட்டுடுங்க."

"உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது." தாளை அவரிடம் நீட்டினாள். "ஆனா இங்க உக்காந்திருக்கிறது நல்லா இருக்கு."

*

பேனாவைக் கொடுத்தது மேனேஜர்தான். கையெழுத்து இந்த முறை கலையாமல் விழுந்தது. குண்டூசி தன் பையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவித் தாள்களைச் சேர்த்துக் குத்தினார். தலைமை ஆபீஸின் உத்தரவு அந்த வாரமே வந்தது. ஒரு வருஷம் தூங்கிய ஆபீஸ் அன்றைக்கு நன்றாக விழித்திருந்தது. நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபதும் தள்ளுபடி. பாக்கி இல்லை.

உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சாயங்காலம்…" என்றார். பிறகு, "பார்த்துக்கங்க," என்றார்.

"பார்த்துக்கறேன் சார்."

அன்று பொழுது சாய்ந்தபோது முதல் பஸ் கேட்டைத் தாண்டி நின்றது. டிரைவர் இறங்கிப் போனான். முப்பத்தேழு ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினார். மேஸ்திரி அக்கா பின்னால் போய் நின்று கையைக் காட்டினாள். "வா… வா… இன்னும் வா… ஒடி… ஒடி… நேரா வா." பஸ்ஸின் தகட்டில் அவள் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். தட்டினாள், நின்றது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம். அடுத்தது. அதற்கடுத்தது. அத்தனை நாளாகக் கோணல்மாணலாகக் கிடந்த யார்டு, சீப்பு போட்டு வாரியது போல் வரிசைக்கு வந்தது. ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சுற்றி அவர் தோளில் பழைய வலி இறங்கியது. அது பிடித்திருந்தது. இருட்டுவதற்குள் முடித்துவிட்டார், சாப்பாடும் சூடாகக் கிடைத்தது.

காலையில் அவர் முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் டிரைவர் வந்தான். உயரமான பையன். ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.

"யாரு மறுபடியும் சீட்டை இவ்வளவு முன்னாடி இழுத்து வச்சது?" என்று கத்தினான். "கண்ணாடியையும் திருப்பி வச்சிருக்காங்க. யாரு இதை எடுத்தது?"

டைம்கீப்பர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும் எடுக்கல. கிளம்புய்யா, நேரமாச்சு."

பையன் முணுமுணுத்துக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினான். இன்ஜினை முறுக்கினான். வெளியே முப்பத்தேழு பம்பரில் ஒரு காலை வைத்து ஏறி நின்று, துணியை அகலமாக வீசித் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளிருந்து கண்ணாடியில் ஒரு இடத்தை விரலால் தட்டிக் காட்டினான். அங்கே ஒரு கறை இருந்தது. முப்பத்தேழு அதைத் துடைத்தார். பையன் கையை அசைத்தான், போதும், தள்ளுங்க என்று.

அவர் இறங்கித் தள்ளி நின்றார். பஸ் கேட்டைத் தாண்டிப் போனது.